ஒரு சாண் கதவு

கழற்றி வைத்த கதவு கிரீச்சிடாது. அது அவனுக்கும் தெரியும். காலையில்தான் தச்சர் வந்து கீல்களைப் பிடுங்கி, கதவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்துச் சுவரில் சாய்த்து, மேலே ஒரு சாக்கையும் போர்த்திவிட்டுப் போயிருந்தார். ஆனால் சாயங்காலம், வேலையாட்கள் எல்லாரும் போய், சிமெண்டுத் தூசி அடங்கி, வீடு முழுக்க ஈரமணல் வாசனை மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில், அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்த அவன் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. முதலில் இழுவையாக ஒரு கிரீச், நடுவில் ஒரு திக்கல், கடைசியில் முனகல் மாதிரி ஒன்று. எண்ணெய் விட வேண்டும், விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே விடாமல் போன கீலின் சத்தம்.

கூடத்தை எட்டிப் பார்த்தான். கதவு சாக்கைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தபடியே இருந்தது. மனைவி தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. கேட்காமலா இப்படித் தலையைக் குனிந்துகொண்டு தனக்குள் சிரிப்பாள்?

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அந்தக் கதவு இருந்தது அவர்களுடைய பிள்ளையின் அறையில். வீட்டில் பிள்ளைக்குத் துரை என்று பேர். நாலு வயதில் அவ்வளவு அதிகாரம். பால் ஆறிப் போனாலும் குற்றம், சூடாக இருந்தாலும் குற்றம். புதுச் சட்டை போட்டுவிட்டால் அன்றைக்குக் கழற்றவே முடியாது. கழற்றப் போனால் கைகளைச் சட்டைக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டு, முழங்கை தெரியாமல் உருண்டு கிடப்பான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. தூங்கும்போது கதவைச் சாத்தக் கூடாது. ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அதுவும் அவன் சாண் இல்லை, அப்பா சாண். ஒவ்வொரு ராத்திரியும் அப்பன் போய்க் கையை விரித்து வைத்து அளந்து காட்டினால்தான் துரை கண்ணை மூடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஒரு கட்டத்தில் நர்ஸ் இரண்டு பேரையும் தோளைப் பிடித்து வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கனமான கதவு, ஓரத்தில் ரப்பர் வைத்தது, மூடியதும் உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. அது மறுபடியும் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் திறந்து வையுங்கள், பயப்படுவான் என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கு அப்போது வாய் வரவில்லை. அது அவன் நெஞ்சை இன்றைக்கும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து அவள் அந்த அறைக் கதவை ஒரு சாண் திறந்தே வைத்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறந்த நாள் வந்தால் ஒரு சட்டை தைத்து உள்ளே ஆணியில் மாட்டுவாள். முதல் வருஷம் அவனும் கூட உட்கார்ந்து அழுதான். இரண்டாம் வருஷம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். இந்த வருஷம் நீல நிறத்தில் முழுக்கைச் சட்டை. அதன் நீளத்தைப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்றது. ஏழு வயதுப் பிள்ளைக்கான சட்டை.

அவள் தையலில் ஒரு பிடிவாதம் உண்டு. அளவு எடுக்காமல் கத்தரியைத் தொட மாட்டாள். குத்துமதிப்பாகத் தைத்துக் கொடுங்கள் என்று வருகிறவர்களை, அப்படியானால் ரெடிமேடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். அதை நினைத்துத்தான் அவன் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டான்.

"அளவுக்கு என்ன பண்ணின?"

"எடுத்தேன்," என்றாள் அவள், சட்டையில் பித்தான் வைத்துக்கொண்டே. "போன வருஷத்துது கை குட்டையாயிடுச்சுங்க. அதான் இதுல கொஞ்சம் நீளம் விட்டிருக்கேன்."

அன்று ராத்திரிதான் அவன் முடிவு செய்தான். பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இவளையும் அந்த அறைக்குள் தொலைத்துவிட்டால் தனக்கு என்று யார் இருக்கிறார்கள்? அறை வீட்டோடு சேர்ந்திருக்கும்வரை அவள் அதிலிருந்து வெளியே வர மாட்டாள். ஆகவே உள்பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, சந்துப் பக்கத்துச் சுவரை உடைத்துப் புதுக் கதவு வைத்தால் அறை அவளுடைய தையல் கடையாகிவிடும். துணி கொடுக்க வருகிறவர்கள் கூடத்தை மிதிக்க வேண்டாம். வெளிச்சம் வரும். ஆட்கள் வருவார்கள். பேச்சுச் சத்தம் இருக்கும். இப்படியெல்லாம் அவன் அடுக்கியபோது அவள் மறுத்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புதுக் கதவு வெச்சப்புறம்தானே பழசை அடைப்பீங்க?"

ஆமாம் என்று சொன்னான். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான்.

கதவைக் கழற்றிய மறுநாள், தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர அவள் வீடு வீடாகப் போயிருந்தாள், திரும்பி வரச் சாயங்காலமாகும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மனது மாறியது. புது வாசல் திறந்த பிறகு அவள் பழைய வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? முதலில் இதை அடைத்துவிடுங்கள் என்று கொத்தனாரிடம் சொன்னான். கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"புதுசைத் திறந்துட்டுத்தான் சார் பழசை அடைப்போம். இல்லேன்னா உள்ள போக வழியே இருக்காதே."

"உள்ள யாரு இருக்கா? ஒரு ராத்திரிதானே."

அவர் கலவையைக் குழைத்தார். கட்டிலும் அலமாரியும் பிளாஸ்டிக் தாள் போர்த்தி உள்ளேயே கிடந்தன, தரையிலும் தாள் விரித்திருந்தது, சட்டைகள் மூன்றும் ஆணியில் தொங்கின. புதுவழி ஆனதும் அவற்றை வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. செங்கல் மேல் செங்கல் ஏறியது. கூடத்துப் பக்கம் மட்டும் கரண்டியால் வழித்துச் சமன் செய்தார் கொத்தனார். அந்தப் பக்கம் பிதுங்கிய கலவை பிதுங்கியபடியே கிடக்கட்டும், நாளைக்கு உள்ளே போய்ப் பூசிக்கொள்ளலாம் என்றார். உச்சியில் மூச்சு விடுகிற அளவுக்கு இருந்த கடைசி இடைவெளியையும் அரைச் செங்கல் வைத்து மூடினார். அந்த அறைக்கு இப்போது கதவே கிடையாது.

அவள் திரும்பி வந்தபோது கொத்தனார் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பையைக் கீழே வைத்தாள். சத்தம் போடுவாள், அழுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் ஈரக் கலவையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒரு சாண்கூட விடலையா?" என்றாள்.

பிறகு அங்கேயே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது அது ஆரம்பித்தது. முதலில் அவன் அதைச் சத்தம் என்றே கணக்கில் எடுக்கவில்லை. புதுச் சுவர் காய்கிறது, கலவை இறுகும்போது அப்படித்தான் கொறுகொறுக்கும் என்று நினைத்துக்கொண்டு, தெரியாத விஷயத்தில் தனக்குத் தானே நிபுணனாகி, டீயை ஆற்றிக் குடித்தான். பிறகு அந்தக் கொறுகொறுப்பில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் சுரண்டும், நிற்கும், வேறு இடத்தில் சுரண்டும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம், தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளின் மேல் ஈரமணல் உதிரும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே தூறல் விழுவது போல மெல்ல, தனித்தனியாகக் கேட்டது. சிமெண்டு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக எழுந்து வந்தது. இனிப்பு. ஆரஞ்சு கலந்த காய்ச்சல் மருந்தின் இனிப்பு. மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய பிறகு பிள்ளையின் மூச்சில் அடிக்குமே, அந்த வாசனை.

அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"பயப்படறான்," என்றாள் அவள். "உடைச்சிடுங்க."

"எலிம்மா. உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"எலி அப்பான்னு கூப்பிடுமாங்க?"

அவனுக்கும் கேட்டிருந்தது. இரண்டு தடவை கேட்டிருந்தது.

வாசலில் மணல் குவியலில் கொத்தனாரின் கடப்பாறை சொருகியிருந்தது. அவன் போய் எடுத்து வந்தான். பச்சைச் சுவர், இரண்டு இடி இடித்தால் விழுந்துவிடும். ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

உடைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அவள் நொறுங்கிப் போவாள்.

உடைத்து, உள்ளே இருந்தால்?

கடப்பாறை கையில் கனத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சுரண்டல் நின்றது. அவன் நிற்பது தெரிந்த மாதிரி. காத்திருப்பது மாதிரி. ஒரு சின்ன விம்மல். பிறகு மூச்சு. மறுபடியும் மூச்சு.

அவன் கடப்பாறையைக் கீழே போட்டான்.

"காலையில," என்றான். "கொத்தனார் வந்துடட்டும்."

அவள் திரும்பிச் சுவரில் காதை வைத்துக்கொண்டாள். அப்பா கிட்டத்தான் இருக்கார், பயப்படாதே, விடிஞ்சிடும் என்று அவள் கல்லிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பெற்ற பிள்ளையிடமிருந்து ஒளிந்துகொண்டான். பொத்திய கைகளையும் தாண்டிக் கேட்டது. வேகமாக. பிறகு தளர்ந்து. பிறகு விட்டு விட்டு. ஒரு சுரண்டல். வெகு நேரம் ஒன்றும் இல்லை. இன்னொன்று.

அதற்கப்புறம் இல்லை.

"நின்னு போச்சுங்க," என்றாள் அவள்.

ஜன்னலில் வெளிச்சம் தட்டியிருந்தது.

கொத்தனார் வந்து சந்துப் பக்கத்துச் சுவரை இடித்தார். ராத்திரி நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. சுவர் பழசு, கல்லு கல்லாக வருகிறது பாருங்கள் என்று உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆள் நுழைகிற அளவு வழி ஆனதும் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டு நாலடி பின்வாங்கினார். கையிலிருந்த சுத்தியலை வைக்க இடம் தெரியாதவர் போல நின்றார்.

அவன் உள்ளே போனான். வெயில் அவனுக்கு முன்னால் போய் எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. நேற்று அடைத்த சுவர். செங்கலுக்கு நடுவில் பிதுங்கி நின்ற கலவையைக் காணோம். வரிசை வரிசையாக, அடியிலிருந்து மேலே கை எட்டுகிற உயரம்வரை, விரலால் தோண்டி எடுத்திருந்தது. நாலு விரல் தடம். ஒவ்வொன்றும் தெளிவாக. அவன் பிள்ளை அவன் தொடை உயரம்தான் இருந்தான். தடங்கள் அவன் நெஞ்சுக்கு வந்தன.

ஆணியில் பழைய சட்டைகள் இரண்டும் தொங்கின. நீலச் சட்டை அங்கே இல்லை.

அது சுவரில் இருந்தது. கழுத்துவரை பித்தான் போட்டு, சுவரோடு ஒட்டி, இரண்டு கையும் மேலே தூக்கினபடி. இரண்டு சட்டைக் கையும் ஒரே செங்கல் வரிசைக்கு நடுவில், மணிக்கட்டுக்கு மேலேவரை கலவைக்குள் போயிருந்தன. ராத்திரியோடு ராத்திரியாகக் கலவை இறுகிவிட்டிருந்தது.

அவள் அவனைத் தாண்டிப் போய் மண்டியிட்டாள். சட்டையின் தோளைத் தடவிப் பார்த்தாள். முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவளை அங்கிருந்து எழுப்ப வேண்டும், அந்தச் சட்டையைக் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது கொண்டு போய்விட வேண்டும். அவனுக்கு அது மட்டும்தான் தோன்றியது. குனிந்து ஒரு சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. துணி ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான்.

சுவருக்குள்ளே, கழற்ற வேண்டாம் என்று அடம் பிடிப்பது போல, ஒரு சின்னக் கை மெல்ல மடங்கிச் சட்டையை உள்ளே இழுத்துக்கொண்டது.