செருப்பு எடுத்துக் கொடுக்கும் எலிக்குட்டி

எலிக்குட்டிக்கு மூன்று வயது. அந்தப் பெயர் வரக் காரணம் அவன் பற்கள். குழந்தைகள் காப்பகத்தில் அந்தப் பற்கள் படாத கைகள் குறைவு.

அன்று மாலை அவனை அழைத்துப் போக அக்கா வந்தபோது, டீச்சர் வாசலிலேயே நின்றார். அன்றைக்கும் ஒரு கடியாம். மற்றப் பெற்றோர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். இன்னொரு குழந்தையைக் கடித்தால் அவனை வைத்துக்கொள்ள முடியாதாம். சொல்வதற்கு டீச்சருக்கே சங்கடமாக இருந்தது.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காவுக்கு வீட்டு நிலைமை தெரியும். காப்பகம் இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போக முடியாது. அம்மாவும் இதுவரை சும்மா இருக்கவில்லை. பசியில் கடிக்கிறானோ என்று கூடுதலாக ஓர் ஆப்பிள் கொடுத்தனுப்பினார். அவன் ஆப்பிளையும் தின்றான், அதே காப்பகத்துக்கு வரும் பக்கத்து வீட்டுப் பாப்பாவையும் கடித்தான். திட்டினால் அழகாக "சாரி" சொல்வான். மறுநாள் திரும்பவும் கடிப்பான்.

அடுத்த நாள் பள்ளி சீக்கிரம் விட்டது. அக்கா காப்பகத்தின் மூலையில் உட்கார்ந்து அவனையே கவனித்தாள். கட்டைகளை அடுக்கினான். ஒரு பையன் அவன் காரைப் பிடுங்கினான், பேசாமல் விட்டுக்கொடுத்தான். பரம சாது.

அப்போது ஒரு குட்டிப் பெண்ணின் அப்பா வந்தார். அவள் ஓடிப்போய் ஒரு காலில் செருப்பை மாட்டினாள். எலிக்குட்டி எழுந்து போய் வாயைத் திறந்தான். அக்கா பாய்ந்து குறுக்கே கையை நீட்டினாள். கடி அவளுக்கு விழுந்தது.

வலியில் உயிரே போனது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"டீச்சர், இவன் செருப்பு போடுறவங்களைத்தான் கடிக்கிறான்."

டீச்சர் யோசித்துப் பார்த்தார். இதுவரை கடிபட்ட எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியவர்கள்தான்.

"ஏன்டா அவளைக் கடிக்கப் போனே?" என்று அக்கா கேட்டாள்.

எலிக்குட்டியின் உதடு பிதுங்கியது. "அவ போறா. எல்லாரும் போறாங்க. நான் மட்டும் இருக்கேன்."

அக்காவின் பள்ளிப் பேருந்து ஊரெல்லாம் சுற்றித்தான் வரும். அதனால் தினமும் கடைசியாகக் கிளம்புவது அவன்தான். அக்காவுக்குப் பாவமாக இருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே எல்லாருக்கும் நீதான் செருப்பு எடுத்துக் குடுக்கணும். குடுத்துட்டு, நாளைக்கு வருவியான்னு கேளு."

அக்காவைக் கடித்தது கணக்கில் சேராது என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

எலிக்குட்டி வேலையில் படு கறார். பதில் சொல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. அவசரமாக வந்த ஓர் அப்பாகூட "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பற்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு மாலை அக்கா வந்தபோது, வழக்கம்போல அவனும் டீச்சரும் மட்டும் இருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவன் திரும்பி ஓடினான். டீச்சரின் பெரிய செருப்புகளை இரண்டு கைகளாலும் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தான்.

"டீச்சர், நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன்," என்றார் டீச்சர். "நீயும் வரணும்."