ரோஷக்கார வயிறு

"நாற்காலி சத்தம் போடுது மேடம்... மாத்திடறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் சொன்னான். நாவலை வாசித்துப் பதிவு செய்ய முதல் நாள் வந்திருந்தவளுக்கு முகம் சிவந்தது. உறுமியது நாற்காலி இல்லை... அவள் வயிறு.

"ஆமா... நாற்காலிதான்."

மாற்றினான். மறுபடி உறுமல். மூன்றாவது நாற்காலியோடு வந்தவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மழை ஓய்ந்த வானம்போல் தெளிந்த கண்கள்...

"இனி என் நாற்காலிதான் பாக்கி. நான் நின்னுக்கறேன்."

சிரித்துவிட்டாள். மறுநிமிடமே உறைத்தது. "உங்களுக்குத் தெரியும்... இல்ல?"

"இந்த மைக்குக்கு ஈ பறக்கறதே கேட்கும். நீங்க சங்கடப்படக் கூடாதேன்னுதான்..."

"பரிதாபப்பட்டீங்களாக்கும்!"

பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

வீட்டில் அக்கா, "இந்த வயித்துக் கோளாறை வெளியில சொல்லித் தொலைக்காதடி, நாளைக்கு யார் கட்டிப்பா?" என்றாள். ஏற்கெனவே இவள் இரண்டு வேலைகளைத் தலைவலி என்று பொய் சொல்லி விட்டிருந்தாள். மூன்றாவதையுமா?

டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஐ.பி.எஸ்.ங்கற இந்தக் குடல் எரிச்சல் நோய்ல, டெஸ்ட்ல எல்லாம் சரியா இருக்கும். அதுக்காகக் கற்பனைன்னு ஆயிடாது. உங்க குடலுக்கு ரோஷம் ஜாஸ்தி. எது ஒத்துக்கலைன்னு எழுதிட்டு வாங்க."

எழுதிய நோட்டைப் புரட்டினாள். பால், வெங்காயம், சாப்பிடாமல் ஓடிய நாட்கள்... எல்லாவற்றையும்விட அதிகம், மறைப்பதற்காகப் படாதபாடு பட்ட நாட்கள்.

இத்தனை நாள் பயந்தது வயிற்றுக்கா, மனிதர்களுக்கா?

காலையில் அவன் எதிரே போய் நின்றாள். "எனக்கு ஐ.பி.எஸ். இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும். நடுவுல எழுந்து ஓடுவேன், ஏன்னு கேட்கக் கூடாது. சரின்னா முழுப் புத்தகமும் நான்தான் படிப்பேன்."

"தாராளமா ஓடுங்க. பதிவை வெட்டி ஒட்டத்தானே நான் இருக்கேன்?"

ஓடினாள். திரும்பி வந்தாள். விட்ட வரியிலிருந்து வாசித்தாள். சில நாள் வயிறு ஜெயித்தது. பல நாள் அவள். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியை முடித்தபோது, கண்ணாடிக்கு அப்பால் அவன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

"பதிவு ஓடுதா?"

"ஓடுது..."

"ஓடட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான். "இதைச் சொல்ல நான் பத்து நாளா வார்த்தை தேடிட்டிருக்கேன்... ஹெட்போன் வழியா வேண்டாம். நேர்ல ஒரு தடவை சொல்லுங்க..."

கனமான கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போனாள். இந்தத் தடவை இன்னும் சத்தமாகவே சொன்னாள்.