மருதமுத்துவின் தட்டில் பூத்த பூசணம்

காஜா பேராங் வட்டாரத்தில், சண்டைக்குப் பயந்து சீன முதலாளி, தவுக்கே ஒருவர் விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பானியர் மருந்துக்கூடம் வைத்திருந்தார்கள். 1945 பிப்ரவரியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சன்னல்களில் கறுப்புத் துணி. பகலிலும் ஈரவாடை.

பூசணம் வளர்ப்பதுதான் வேலை. அது சீழ்க்கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரக்கும். கிருமி பரப்பிய தட்டில் பூசணத்தை வைப்போம். எதைச் சுற்றிக் கிருமி செத்து வளையம் அகலமாகத் தெளிகிறதோ, அதை மட்டும் எடுத்து மறுபடி வளர்ப்போம். மற்றவற்றைக் கொதிநீரில் கொட்டிவிடுவோம். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தவர்களும் இப்படித்தான் திடமானவர்களாகப் பொறுக்கினார்கள்.

வளையம் அகலமாவது எனக்கு உயிர்ப் பிரச்சினை. என் மனைவி ஜெயாவின் காலில் ஆணி குத்திய புண் சீழ்பிடித்து முழங்கால்வரை ஏறியிருந்தது. மருந்து மிஞ்சினால் தருவதாக ஜப்பான் டாக்டர் சொல்லியிருந்தார். மிஞ்சவே இல்லை. சுரந்ததெல்லாம் அதிகாரிகளுக்கே போயிற்று. வீடுவீடாகப் போய் வீரியமான பூசணம் தேடிவா என்று டாக்டர் என்னைத் துரத்தினார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் கணவன் மருதமுத்து சயாமுக்குப் போய் இரண்டு வருடம். காலில் புண் வைத்து அங்கேயே செத்தான் என்று தப்பி வந்த ஒருவன் சொன்னான். அவள் நம்பவில்லை. தாலியைக் கழற்றவில்லை. தான் தின்னும் மரவள்ளிக்கிழங்கில் பாதியை அவன் தட்டில் வைத்து மூடுவாள். வெள்ளிக்கிழமைதான் கழுவுவாள்.

"தொடாதீங்கண்ணே, அது அவரு சாப்பாடு" என்றாள், நான் மூடியைத் தூக்கியதும்.

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் தட்டிலிருந்த பூசணத்தைச் சுரண்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னை என்ன செய்தாலும் தகும்.

முதல் வாரமே அது மற்றவற்றைவிட இரண்டு மடங்கு சுரந்தது. அதில் சிறந்ததை எடுத்து மறுபடி வளர்த்தோம். அதிலும் சிறந்ததை எடுத்தோம். வளையம் அகலமாகிக்கொண்டே போனது.

மூன்றாம் முறை மாற்றியபோது கூடத்தில் அழுகிய புண் வாடை எழுந்தது. நடுப்பகல். அங்கே யாருக்கும் புண் இல்லை.

ஐந்தாம் முறை, மூடியிருந்த பீங்கான் தட்டில் பூசணம் ஒரு பாதமாக வளர்ந்திருந்தது.

வலது பாதம்.

மறுநாள் பக்கத்துத் தட்டில் இடது பாதம்.

அதற்கு மறுநாள், வாசலை ஒட்டியிருந்த தட்டில் மறுபடி வலது.

என்னோடு வேலை பார்த்த ஷம்சுதீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொட்டிடு கணேசா. இது எங்கேயோ போகப் பாக்குது."

"எம் பொண்டாட்டி சாகக் கெடக்கா பாய்."

அவர் கையை விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் மருந்து மிஞ்சியது. டாக்டரே சிரித்தபடி கொடுத்தார். ஊசி போட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சீழ் வற்றியது. ஜெயாவின் காலைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் எழுந்து நின்றாள்.

"ஜெயா, மெதுவா" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. கால்களை அகட்டி அகட்டி வைத்து என்னைத் தாண்டி நடந்தாள். வெளியே போனாள். பொன்னம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பொன்னு."

அந்தக் குரல் கனமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தினமும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட குரல்.

பொன்னம்மா கதவைத் திறந்தாள். ஜெயாவின் கண்களை ஒரு நொடி பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டாள்.

நான் ஓடிப்போய் வாசலில் நின்று என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பொன்னம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே. ரொம்ப தூரம் நடந்தே வந்திருக்காரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.