குளிர்ந்து திரும்பிய தண்ணீர்

புதுப் பாய்லர் நன்றாகத்தான் எரிந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்கூடம், மாடிப்படி, குழந்தையின் அறை என்று வீடு முழுக்கச் சூடு பரவியது. யன்னல் கண்ணாடிகளில் ஈரம் பூத்தது. லண்டன் லூயிஷாமின் அந்தப் பழைய வீட்டுத் தரைப்பலகைகள், நெடுநாள் படுத்துக் கிடந்தவன் எழுந்து சோம்பல் முறிப்பதுபோல் டக் டக்கென்று சத்தம் போட்டன. மாடியில் பின்னறைச் சுவரில் இருந்த சுடுநீர் ரேடியேட்டர் மட்டும் சூடேறவில்லை. சுஜீத் முழங்காலில் இருந்து, தண்ணீர் உள்ளே போகும் குழாயைத் தொட்டான். விரல் வெந்துவிடும் போலிருந்தது. மறுபக்கம் தண்ணீர் வெளியேறும் குழாயைத் தொட்டான். கை விறைத்தது. அத்தனை கொதிநீரும் அந்தச் சின்ன இரும்புக்குள் போய் எப்படிப் பனிபோலக் குளிர்ந்து திரும்புகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அது அவன் அப்பா சபாரத்தினத்தின் அறை. அவர் இருந்தவரை, குளிர்காலம் முழுவதும் அந்த ரேடியேட்டரை இரண்டு கைகளாலும் அணைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு கூட்டி வைத்தாலும் குளிர் குளிர் என்பார். கண்ணால் நெருப்பைக் காணாத சூடும் ஒரு சூடா என்று அலுத்துக்கொள்வார். பாய்லரை மாற்றுவோம், மாற்றுவோம் என்று சுஜீத் சொல்லிக்கொண்டே இருக்க, மனிதர் கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போன கையோடு காஸ் பாய்லரும் படுத்துவிட்டது. பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? மாதம் நிறையாமல் பிறந்த ஆண்பிள்ளையை ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிய கிழமை அது. இந்தப் பிள்ளைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்துவைத்திருக்கத் தெரியாது, அறையைக் குளிரவே விடக்கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவி அனோஜினி வெளிக்காற்றிலிருந்து சூடு எடுக்கும் ஹீட் பம்ப் போடுவோம் என்றாள். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காஸையே திரும்பப் போடலாம் என்றும் பார்த்தார்கள். ஆனால் கென்ட் பக்கத்துக் கடையில் விறகு பாய்லரின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுவாலை எழும்பி விழுவதைப் பார்த்தபடி சுஜீத் அசையாமல் நின்றபோதே, வீட்டுக்கு வரப்போவது எது என்று அனோஜினிக்குத் தெரிந்துவிட்டது. லண்டனுக்குள் எரிக்க அனுமதி உள்ள மாடல்தானா, புகைபோக்கி தாங்குமா, காய்ந்த விறகை எங்கே அடுக்குவது என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்தது அவள்தான். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. விமானமேறி வந்தும் விறகடுப்பா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குழாய்வேலை செய்யும் குகதாசன் அண்ணை வந்து பாய்லரைப் பொருத்திப் பூட்டிக்கொடுத்தார். புதுச் சாமான் எதுவானாலும் கற்பூரம் கொளுத்தித்தானே நம் சனம் தொடங்கும்? சாமித்தட்டில் கற்பூரம் முடிந்திருந்தது. லைட்டர் தேடிக் கதவோரம் தொங்கிய சுஜீத்தின் கறுப்புக் கோட்டுக்குள் கைவிட்ட அனோஜினி, வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு கற்பூரக் கட்டியையும் சேர்த்து எடுத்தாள். நல்லதாய்ப் போயிற்று என்று முதல் விறகின்மேல் அதை வைத்தாள். "பிள்ளையின்ர கையாலயே வைப்பமப்பா," என்று குழந்தையின் சுண்டுவிரல் அளவுக் கையைத் தன் கைமேல் வைத்து நெருப்பை நீட்டினாள்.

சுஜீத் பார்த்துக்கொண்டு நின்றான். 

அது அப்பாவுக்கு வைத்த கற்பூரம். பிணம் எரிக்கும் கிரிமட்டோரியத்தில் நாள் கிடைக்கும்வரை கிழமைக்கணக்காய்க் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தவருக்குக் கொள்ளி வைக்க ஐயர் கொடுத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று அங்கே மறித்துவிட்டார்கள். பொத்தானை அமத்தினால் போதும் என்றார்கள். அமத்தினான். கற்பூரம் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. மகன் கையால் கிடைக்காத கொள்ளி இப்போது பேரன் கையால் விழுந்துவிட்டது, அதுவும் வீட்டுக்குள்ளே. சொன்னால் பிள்ளைப்பெற்றவள் பயந்துவிடுவாள் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். மடியில் கனம், வழியில் பயம்.

பின்னறையைப் பார்க்க வந்த குகதாசன் அண்ணை ரேடியேட்டருக்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டார், வால்வைக் கழற்றிப் பூட்டினார், இரண்டு குழாய்களையும் மாறி மாறித் தொட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, உந்த அறையில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை அண்ணை."

"அப்ப சூட்டை ஆர் குடிக்கினம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சுஜீத்தால் சிரிக்க முடியவில்லை. ஆள் போனபிறகு கதவடியில் நின்று கேட்டான். யாரோ இரும்பில் சாயும்போது எழும் மெல்லிய முனகல், கம்பளிச் சட்டை உரசும் சத்தம், பிறகு நீளமான ஒரு பெருமூச்சு. மூட்டுவலித் தைலத்தின் வாடை வந்தது. அதற்கு அடியில், ஈரமான குளிர்ப்பெட்டியின் வாடை.  பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய், அந்த ரேடியேட்டரின் வால்வை இறுக்கி அடைத்துவிட்டு வெளியே ஓடிவந்தான்.

அதுதான் அவன் விட்ட பிழை.

அடுத்த நாள் மத்தியானம் மாடிப்படி ரேடியேட்டர் குளிர்ந்தது. போகும் குழாயில் கொதி, வரும் குழாயில் பனி. அவன் ஓடிப்போய்ப் பின்னறை வால்வை முழுக்கத் திறந்தான்.

"வாங்கோ அப்பா. உங்கட அறைக்கு வாங்கோ."

பின்னறை சூடேறியது. நல்ல சூடு. சட்டை உரசும் சத்தம் அங்கே இல்லை. மாடிப்படியிலும் இல்லை.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே பனி கொட்டியது. பிள்ளையின்ர அறை சில்லிடுகிறது என்று அனோஜினி கூப்பிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே கூடத்துக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் குளிர்ந்தது. குசினிக்குப் போனார்கள். குசினியும் குளிர்ந்தது. கடன் வாங்கிய மின்ஹீட்டர்களை முந்தாநாள்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அனோஜினி குழந்தையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவம், டாக்ஸிக்குப் போன் அடியுங்கோ என்றாள். அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன.

அவன் டாக்ஸிக்கு அடித்தான். பனியில் பிந்தும் என்றார்கள். பாய்லருக்குள் விறகை அடைத்தான். சுவாலை கண்ணாடியை நக்கியது. நெருப்பை அணைத்துவிடலாமா? அணைத்தால் பிள்ளை? அணைக்காவிட்டால் அவர்? ஐயோ, என்னதான் செய்வது!

"அப்பா," என்றான் நெருப்பைப் பார்த்து. குரல் உடைந்தது. "அவன் சின்னப் பிள்ளையப்பா. அவனிட்டப் போகாதேங்கோ."

விறகு வெடித்தது. பிறகு அமைதி.

மாடியிலிருந்து அனோஜினியின் குரல் கேட்டது. குழந்தைக்குத் தடித்த உடுப்பு எடுக்கப் போயிருந்தாள்.

"இஞ்ச வந்து பாருங்கோப்பா! சூடு வந்திட்டுது!"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். குழந்தையின் அறை கதகதப்பாயிருந்தது. அவள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாய், தொட்டுப் பாருங்கோ என்று ரேடியேட்டரைக் காட்டினாள். அவன் குனிந்தான். போகும் குழாய் சூடு. வரும் குழாயையும் தொட்டான்.

அதுவும் சூடு.

அதை யாரும் அணைத்தபடி இருக்கவில்லை. யாரும் குடிக்கவில்லை. அப்பா போய்விட்டார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். நெற்றியை இரும்பில் வைத்து அவன் அழுதே விட்டான். அனோஜினி டாக்ஸியை வேண்டாமென்று சொல்லக் கீழே இறங்கினாள்.

அவன் திரும்பினான்.

தைல வாடை.

தொட்டிலில், குழந்தைக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாய் அமுங்கியிருந்தது. போர்வை குழந்தையைச் சுற்றி இறுகியிருந்தது. இரண்டு பக்கமும். மெல்ல இன்னும் இறுகியது.

குழந்தை அழவில்லை. கண்ணை விரித்து, மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வியர்க்கும் சூட்டில், அதன் வாயிலிருந்து மட்டும் வெள்ளையாய் மூச்சு வந்தது. சின்னதாய். இன்னும் சின்னதாய்.

ஒரு கை உயர்ந்திருந்தது. எதையோ பற்றியபடி. நீலம் பாரித்த விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை. நடுவில் வெறுமை. ஒரு கிழவனின் விரல் அளவுக்கு.

அந்த வெறுமை மெல்ல மேலே எழுந்தது. குழந்தையின் கையும் கூடவே எழுந்தது.