சம்மத அறை

மயானத்தில் கணவரின் உடல் எரிந்துகொண்டிருக்கும்போதே, கடற்சுவரின் தெற்குக் கோடிக்கு இன்னும் எவ்வளவு கருங்கல் வேண்டும் என்று கேட்ட பொறியாளருக்கு அமைச்சர் காந்திமதி அலைபேசியில் நிதானமாகப் பதில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாட்டில் அமைச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். மகள் உலகம்மை மட்டும் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழுவதற்கு ஆள் குறைகிறது என்பதுபோல இன்னும் சத்தமாக அழுதாள்.

அமைச்சர்களுக்குப் பற்றடக்கியைக் கட்டாயமாக்கிய அரசியல் சாசனத் திருத்தம் வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்று கோயில் மண்டபங்களிலும் மடங்களிலும் காலங்காலமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டவர்கள் தலையாட்டினார்களே தவிர, எழுந்து போனதும் பழையபடி ஆனார்கள். ஆகவே கருவி வந்தது. உளுந்து அளவுதான் இருக்கும். பதவியேற்பு உறுதிமொழி முடிந்ததும் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்து இயக்கிவிடுவார்கள். என் வீடு, என் ஊர், என் சாதி, என் பிள்ளை என்று மனம் எதிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த ஒட்டுதல் நின்றுவிடும். நினைவு இருக்கும், அறிவு இருக்கும், இரக்கமும் இருக்கும். ஆனால் அந்த இரக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கும். எல்லா உயிரிலும் உறைவது ஒன்றே என்று மேடையில் முழங்கிவிட்டு, இறங்கி வந்து மச்சானுக்கு டெண்டர் கொடுக்கிற கதை அதோடு முடிந்தது.

திருத்தத்தை எழுதிய குழுவில் ஒரு துறவி இருந்தார். அவர் ஒருவர்தான் ஒப்பவில்லை. பலனில் பற்று வேண்டாம் என்ற உபதேசம் கை நடுங்குகிறவனுக்குச் சொன்னது, நடுக்கமே இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டார். குழு அவரை வணங்கி, மாலை போட்டு, அவர் கருத்தைப் பின்னிணைப்பில் சேர்த்தது. நம்மவர்கள் பெரியவர்களை மதிக்கத் தவறியதே இல்லை.

பற்றடக்கி சொன்னபடி வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லஞ்சம் ஒழிந்தது. சாலைகள் வாக்குப் பார்த்துப் போடப்படவில்லை, தேவை பார்த்துப் போடப்பட்டன. யாரோ பழக்கதோஷத்தில் வைத்த கட்அவுட்டைப் பார்த்து, இது யார் என்று கேட்டுவிட்டுப் போன முதல்வர்கூட ஒருவர் இருந்தார். அது அவருடைய படம்தான். இப்படிப்பட்டவர்களை எதிர்த்து எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது? எதிரே நிற்க ஆளில்லாமல் போயிற்று. போட்டியின்றித் தேர்வு என்பதே வழக்கமாகிவிட்டது.

ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. எந்தப் பற்றும் இல்லாத இந்த மனிதர்களில் ஒருவர்கூடத் தாமாகப் பதவியை விட்டு இறங்கவில்லை.

கடல் ஏறி வந்த காலத்தில் காந்திமதி கரையோரத் துறைக்கு அமைச்சரானார். சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். இருந்த கல்லுக்கும் காலத்துக்கும் மூன்று ஊர்களைக் காப்பாற்றலாம். நான்காவதை விட்டுவிட வேண்டும். விடப்பட்ட ஊர் முத்தாரம்மன்குடி, அவர் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர். அந்த முடிவு சரியானது. இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் அதுதான் வரும்.

ஊரைக் காலி செய்யச் சொல்லி எல்லா வீடுகளுக்கும் அறிவிப்பு போயிற்று. எல்லாரும் கிளம்பினார்கள். காந்திமதியின் கணவர் குற்றாலலிங்கம் கிளம்பவில்லை. மனைவியிடம் அலைபேசியில் பேசினார்.

“நோட்டீஸ் வந்துச்சு, பாத்தேன். நீ ஒரு எட்டு வந்து கூப்பிடு காந்தி, உடனே வாரேன். நோட்டீஸுக்கெல்லாம் நான் வீட்டை விட்டு எறங்க மாட்டேன்.”

கல்யாணமானாலும் காரியமானாலும் வேண்டியவர்கள் நேரில் வந்து கூப்பிட்டால்தான் போவது என்று வாழ்ந்த மனுஷன். அதில் வீம்பு கொஞ்சம், ஆசை நிறைய. அமைச்சர் அதை யோசித்துப் பார்த்தார். மற்ற வீடுகளுக்கு அமைச்சர் நேரில் போகவில்லை. இந்த வீட்டுக்கு மட்டும் போனால் அது சலுகை. எல்லாருக்கும் போலவே இரண்டாவது அறிவிப்பையும் ஓர் அலுவலரையும் அனுப்பினார். அலுவலர் கெஞ்சிவிட்டுத் திரும்பினார். அந்த வாரம் கடல் வந்தது.

அதன் பிறகு உலகம்மை தனியாக இருந்தாள். அவ்வப்போது அம்மாவின் அரசு வீட்டுக்குப் போவாள். சாப்பிட்டாயா என்று அம்மா அன்பாகத்தான் கேட்பார். வாசல் காவலரிடமும் அதே குரலில், அதே அன்போடு கேட்பார். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுவிட்டு, உன் வருத்தம் நியாயமானது என்பார். உலகம்மை பேருந்தில் திரும்பி வரும்போது, செத்துப்போனது ஒருவர்தானா என்ற சந்தேகம் அவளுக்கு வரும்.

அடுத்த தேர்தல் வந்தது.

சாசனம் எழுதியவர்கள் விவரமானவர்கள். கருவி பொருத்திய நிலையில் ஒருவர் கொடுக்கும் சம்மதம் முழு மனிதரின் சம்மதம் ஆகாது, அது ஜனநாயகத்துக்கு விரோதம் என்று கண்டு ஒரு காப்பு வைத்திருந்தார்கள். மீண்டும் நிற்கும் எவரும் சம்மத அறையில் உட்கார வேண்டும். பற்றடக்கியை அரை மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். முழு மனத்தோடு யோசித்து மனுவில் கையெழுத்திடலாம், அல்லது இடாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் பற்றடக்கி பற்றை அழிப்பதில்லை, தேக்கித்தான் வைக்கிறது. நிறுத்திய மறுகணம், ஐந்து வருடம் வராமலிருந்த துக்கமெல்லாம் மொத்தமாக மதகைத் திறந்துகொண்டு வரும். உள்ளே போனவர்கள் எல்லாரும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டார்கள். சீக்கிரம், சீக்கிரம், அதைத் திரும்பப் போடுங்கள் என்று காலில் விழுந்த அமைச்சர்கள் உண்டு. கருவி மீண்டும் இயங்கியதும் அந்த வலி அவர்களுக்கு ஒரு தகவலாகிவிடும். ஆகவே யாரும் வெளியே சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அல்லவா?

போன தேர்தலிலும் காந்திமதி அப்படித்தான். தன் தாய் இறந்த துக்கம் தாளாமல் ஓடிப்போய்க் கையெழுத்திட்டார். அப்போது அம்மா கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுவாள் என்று நம்பி அறை வாசலில் நின்றவள் உலகம்மை. இந்த முறை அவள் வாசலில் நிற்கவில்லை. மனு தள்ளுபடியாகிவிட்டால் இருக்கட்டும் என்று வீட்டு ஆள் ஒருவரை மாற்று வேட்பாளராகப் போட்டு வைக்கும் பழைய வழக்கத்தைக் கட்சிக்காரர்கள் விடவில்லையே. அதன்படி மனுப் போட்டுவிட்டு, அம்மா கையெழுத்திட்டதும் வாபஸ் வாங்கிக்கொண்டு போக, பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள்.

தேர்தல் அலுவலர் கருவியை நிறுத்தினார். காந்திமதிக்கு முதலில் வந்தது குற்றாலலிங்கத்தின் குரல். நீ ஒரு எட்டு வந்து கூப்பிடு காந்தி. எவ்வளவு சின்ன விஷயம். காரில் போனால் ஒரு மணி நேரம். படியில் நின்று, வாங்க போவோம் என்று ஒரு வார்த்தை. அவர் மேஜையில் தலையை மோதிக்கொண்டு அழுதார். இதை எத்தனையோ முறை பார்த்திருந்த அலுவலர் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பேனாவை மெல்ல அவர் கையருகே நகர்த்தினார்.

காந்திமதி பேனாவை எடுத்தார். கையெழுத்திட்டால் அடுத்த நிமிடம் இந்த வலி இருக்காது. குற்றாலலிங்கமும் இருக்க மாட்டார், எனக்குள் எனக்கென்று இருந்தவர் மறுபடியும் எல்லாரிலும் ஒருவர் ஆகிவிடுவார் என்று நினைத்தபோது கை நடுங்கியது. பிறகு மகள் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் மூன்று வருடமாக யாரிடம் போய் அழுதிருப்பாள்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அலுவலர் திகைத்துப்போனார். கையெழுத்திடாதவரை என்ன செய்வது என்று கையேட்டில் இருந்த பக்கத்தை அதுவரை யாரும் திருப்பியதில்லை. தேடிப் படித்து, மருத்துவரை வரவழைத்துக் கருவியை எடுக்கச் செய்து, வணக்கம் சொல்லி அனுப்பினார்.

பக்கத்து அறையில் காந்திமதி மகளைக் கட்டிக்கொண்டார்.

“நான் போயிருக்கணும் உலகு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கணும். அந்த மனுசன் எனக்காகத்தானே உக்காந்திருந்தாரு.”

உலகம்மையின் கைகள் அம்மாவின் முதுகைச் சுற்றவில்லை. மூன்று வருடம் ஏங்கிய வார்த்தைகள் அவை. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. அலுவலர் உள்ளே வந்து, முதல் வேட்பாளர் விலகிவிட்டதால் மாற்று வேட்பாளரே வேட்பாளர் என்றும், வேறு யாரும் மனுச் செய்யாததால் அவர் போட்டியின்றித் தேர்வாவார் என்றும், விருப்பமில்லை என்றால் இப்போதே வாபஸ் வாங்கலாம் என்றும் விளக்கினார்.

“வாபஸ் வாங்கிரு மக்கா,” என்றார் காந்திமதி. “வீட்டுக்குப் போவோம்.”

“இல்லம்மா.” உலகம்மை அவர் கைகளை மெதுவாக விலக்கினாள். “அப்பாவுக்கு நான் ஒத்தையில அழுதேன். நீ உசுரோட இருக்கும்போதே உனக்கும் சேத்து அழுதேன். இனி என்னால முடியாது. இனிமே நீ அழு.”

அலுவலர் நீட்டிய வாபஸ் தாளை அவள் வாங்கவில்லை.

அந்தத் தேர்தலில் இப்படி நடந்தது இங்கே மட்டும்தான். ஆனால் செய்தி பரவியது. அடுத்து வந்த தேர்தல்களில் அமைச்சர்களின் பிள்ளைகளும் மனைவிமாரும் கணவன்மாரும் மாற்றாக அல்ல, நேராகவே மனுச் செய்ய வரிசையில் நின்றார்கள். பற்றற்றவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் பற்றடக்கி மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. வாரிசு அரசியலை ஒழிக்க வந்த திருத்தத்தின் கீழ், ஆளும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டன. ஆட்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கெல்லாம் முன்பு, உலகம்மை அமைச்சராகப் பதவியேற்ற மண்டபத்தில் முன்வரிசையில் காந்திமதி உட்கார்ந்திருந்தார். உறுதிமொழி வாசித்தபோது உலகம்மையின் குரல் உடைந்தது. பார்வை ஒருமுறை அம்மாவிடம் வந்து தயங்கியது. மருத்துவர் அவள் காதுக்குப் பின்னால் கை வைத்தார். அவள் நெற்றிச் சுருக்கம் மெல்ல மறைந்தது. பல நாள் தூங்காதவள் தூங்கி எழுந்ததுபோல முகம் தெளிந்தது.

காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். புது அமைச்சர் அதைக் கவனித்தாள். பக்கத்தில் நின்ற உதவியாளரை அழைத்து, மிகுந்த கனிவோடு சொன்னாள்:

“முன்னால ஒரு அம்மா அழுதுட்டு இருக்காங்க, பாருங்க. அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுபோய்க் குடுங்க.”