காலாவதியாகாத முகம்

செத்துப்போன அண்ணன் போனில் பேசினான். அதுவும் பட்டப்பகலில்!

"டேய் சோம்பேறி... நான்தான். மறந்துட்டியா?"

சோப்புக் கம்பெனி முதலாளிக்குக் குப்பென்று வியர்த்தது. அண்ணன் கொதிக்கும் சோப்புக் கொப்பரையில் விழுந்து செத்து ஒன்பது வருஷமாகிறது. கால் தவறி விழுந்தான் என்று ஊர் நம்பியது. போலீஸும் நம்பியது.

"நம்ம முத்திரைக்கு ஆயுசு பத்து வருஷம். முடிய ஆறு மாசம்தான் இருக்கு. புதுப்பிச்சுடு!"

லைன் அறுந்தது.

அண்ணன் உட்கார்ந்திருந்த அதே அறை. சுவரெங்கும் சோப்பு உறைகள். ஒவ்வொன்றிலும் அண்ணனின் சிரித்த முகம். அந்த முகம்தான் டிரேட்மார்க். பதிவு அண்ணன் பேரில் இருந்தது, அதனால் அண்ணிக்கும் உரிமை இருந்தது. அது காலாவதியானால் தன் முகத்தைப் பதிந்துகொள்ளலாம் என்பது தம்பியின் திட்டம். புதுப்பிக்கச் சொல்லி அண்ணி கேட்டபோதெல்லாம், பார்க்கலாம் என்று நழுவினான்.

தேதி கடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்...

மறுபடியும் போன்!

"டேய், கோட்டை விட்டுட்டியா? பரவால்ல, இன்னும் ஆறு மாசத்துக்குள்ள அபராதம் கட்டிப் புதுப்பிக்கலாம். அதையும் விட்டா பதிவையே நீக்கிடுவாங்க. பத்துப் பத்து வருஷமா எத்தனை தடவை வேணாலும் புதுப்பிக்கலாம்டா... நான் சாகவே மாட்டேன்!"

கூடவே ஒரு சிரிப்பு. உறைகளில் இருந்த அத்தனை முகங்களும் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.

வாராவாரம் அதே குரல். சோப்பைத் தொடவே நடுங்கினான். குளிப்பதை விட்டான். சோப்புக் கம்பெனி முதலாளி வந்தால் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்!

ஒருநாள் குரல் கேட்டதும் உடைந்துபோனான்.

"அண்ணா... தள்ளினது நான்தான். கம்பெனி மேல இருந்த ஆசையில தள்ளிட்டேன். என்னை விட்டுடு!"

மறுநாள் கதவு தட்டப்பட்டது. அண்ணி நின்றாள். பின்னால் டிரேட்மார்க் ஏஜென்ட். அவருக்கும் பின்னால் இன்ஸ்பெக்டர்.

"ஆவி இல்ல சார், எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்" என்றார் ஏஜென்ட். "நாங்க ஞாபகப்படுத்தினா யாரும் மதிக்கிறதில்ல. அதனால பதியுற அன்னிக்கே அவங்கவங்க குரலை ரெக்கார்டு பண்ணிக்குவோம். தேதி நெருங்கினா, பதிவுல இருக்கிற ஆபீஸ் நம்பருக்கு அதுவே போன் போடும். உங்க அண்ணன் தன்னைத்தானே திட்டிக்கிட்டார். அவர் இறந்ததை நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே?"

"நான்... நேத்து பேசினது?"

"அதுவும் ரெக்கார்டு ஆகும் சார். பின்னாடி, போனே வரலைன்னு சண்டைக்கு வருவாங்க பாருங்க!"

அண்ணி சுவரில் இருந்த முகத்தைப் பார்த்து அழுதாள். "வாரிசுங்கிற முறையில இன்னிக்குக் காலையில நானே அபராதம் கட்டிப் புதுப்பிச்சுட்டேன்" என்றாள்.

விலங்கு ஏறியது. எத்தனை வருஷம் கிடைக்கும் என்று தம்பி ஈனஸ்வரத்தில் கேட்டான்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"முத்திரைக்குத்தான் பத்து வருஷம். உங்களுக்கு ஆயுசு பூரா... நடுவுல புதுப்பிக்கிற தொல்லையே கிடையாது!"