வலிக்காத காயம்

செவ்வாய்க்கிழமை காலை எழில்மதி வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, தைரியநாதன் வீட்டு வாசலில் நின்றாள். தைரியநாதன் முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிகளில் புண் கட்டியவர். படிப்பு எட்டாவதோடு சரி. ரிப்போர்ட்டை நம்பமாட்டார், அதை எழுதினவனை அதைவிடக் கம்மியாக நம்புவார். தோல் ஒன்றுதான் பொய் சொல்லாது என்பார். வெட்டு, குத்து என்று கேசில் மாட்டிய ஏழைகள் வக்கீலிடம் போவதற்கு முன்னால் அவரிடம் வருவார்கள்.

"என் வூட்டுக்காரரு ஆகாஷு வெட்டலீங்க," என்றாள். "ஞாயித்துக்கெழம டீக்கடையில வயல் மேஸ்திரி வீரமுத்தோட வாய்ச்சண்டை. 'எங்க வூட்ல யாரும் இனிமே உன் வயலுக்குக் கூலிக்கு வரமாட்டோம்'னாரு. அவ்ளோதான். ராத்திரியே கொடுவாளால வெட்டிட்டான்னு கேசு. போலீசு இட்டுகினு போயிடுச்சு. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் கிழிஞ்சிருந்தா எத்தினி வருசம் உள்ள போடுவாங்க?"

"அதை அப்புறம் பாக்கலாம்மா."

அக்காள் மகள் செலினா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வீரமுத்து படுத்திருந்த கிளினிக்கில் அவள் நர்ஸ். துப்பு என்றால் சோறு வேண்டாம் அவளுக்கு.

"மாமா, அந்தாளு ரத்தம் ஊறின துணியச் சுத்திகினு வந்தான். பிரிச்சா உசுரு போவுதுன்னு கத்தினான். மேலயே கட்டி வுட்டுட்டாங்க. இதுவரைக்கும் காயத்த ஒருத்தரும் பாக்கல. இன்னிக்குக் கட்டு மாத்தணும்!"

"நான் மாத்துறேன்."

கிளினிக் கட்டிலில் வீரமுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். "இன்னா பெருசு, ரிட்டயர் ஆகியும் ரத்தம் பாக்கலன்னா சோறு எறங்கலியா?"

தைரியநாதன் துணியைப் பிரித்தார். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீண்ட காயம். ஓரம் பிசிர் பிசிராக இருந்தது. நடுவே மாதுளை முத்துப்போல் சிவப்புச் சதை. பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தம் பொட்டுப் பொட்டாய்க் கசிந்தது.

"பாத்துக்கோ! எப்படி வெட்டியிருக்கான் அந்த நாயி!" என்ற வீரமுத்து, மறுபடியும் போனைப் பார்த்தான்.

தைரியநாதன் புறங்கையால் சுற்றுத் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புதுக் கட்டுப் போட்டார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எழில்மதியைத் தனியே கூப்பிட்டார்.

"காயத்த ஒருத்தரும் பாக்கல. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள்.

"கொடுவாள் நேராப் பொளக்கும். இது பல்லு வச்ச கருக்கறுவா கிழிச்சது. சாமை அறுக்குறவங்க கையில இருக்குறது. உன் புருசன் சாமை அறுக்குறானா?"

"இல்லீங்க. பொம்பளைங்கதான்."

"நான் காயத்தோட வயச மட்டும் சொல்றேன். மத்தது உன் இஷ்டம்."

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர், கட்டுப்போட்ட கையோடு விசாரணைக்கு வந்திருந்த வீரமுத்து, மூலையில் ஆகாஷ். தைரியநாதன் நின்றபடியே பேசினார்.

"சார், வெட்டுப்பட்ட ரெண்டாம் நாள் ஒடம்பு சண்ட போட்டுகினு இருக்கும். கை வீங்கும், செவக்கும், தொட்டா சுடும். இவன் கை சப்புன்னு கெடக்குது. வீக்கம் வந்து வடிஞ்சிடுச்சு. பள்ளத்துல புதுச்சதை மணி மணியா ஏறியிருக்கு. ஓரத்துல மெல்லிசா வெளுப்பா தோல் ஊர்ந்து வருது. இதுக்குப் பத்து நாளாவது ஆவணும்."

"ரத்தம் வருதேய்யா?"

"அதான் இவன் பண்ண தப்பு. ரத்தம் வந்தா புதுக்காயம்னு நெனச்சிகினு மறைச்சி வச்சிருந்த பழசைச் சொரண்டியிருக்கான். புதுச்சதையில ரத்தக்குழா ஜாஸ்தி, பட்டாலே ஒழுகும். ஆனா நரம்பு இன்னும் வந்திருக்காது. பஞ்ச வச்சி அழுத்துறேன், இவன் போன் பாத்துகினு இருந்தான். முந்தாநாள் காயமா இருந்தா கூரை எகிறியிருக்கும்."

கூட வந்திருந்த செலினாவின் முகம் பூரித்தது. வீரமுத்து தரையைப் பார்த்தான்.

"அப்ப வெட்டுனது யாரு?"

"காயத்துல வயசுதான் தெரியும் சார். ஆளு தெரியாது."

சப்-இன்ஸ்பெக்டர் ஆகாஷ் பக்கம் திரும்பினார். "பத்து நாளைக்கு முன்ன நீ எங்கடா இருந்த?"

ஆகாஷ் வாயைத் திறக்கும் முன் எழில்மதி சொன்னாள். "நான்தாங்க வெட்டுனேன். அறுப்பு முடிஞ்சி எல்லாரும் போயிட்டாங்க. இவன் பின்னாலேர்ந்து வந்து புடிச்சான். கையில அறுவா இருந்துச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதையெல்லாம் எழுதினா உங்க ரெண்டு குடும்பத்துக்கும்தான் அசிங்கம். சமாதானம்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

வீரமுத்து நல்ல கையால் போட்டான். முதல் ஆளாக வெளியேறினான்.

"மாமா, ஜெயிச்சிட்டோம்ல?" என்றாள் செலினா.

வெளியே ஆகாஷ் மனைவியைப் பார்க்காமல் கேட்டான். "பத்து நாளு எங்கூடப் படுத்துகினு இருந்தியே. ஒரு வார்த்த சொன்னியாடி?"

"சொன்னா நீ அவன வெட்டிட்டு உள்ள போயிருப்ப."

"இல்ல, உங்க ரெண்டு பேருக்குள்ள வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

அவள் முகம் செத்துப்போனது. மலைக்குப் போகும் பஸ் வந்தது. ஆகாஷ் முன்வாசலில் ஏறினான். எழில்மதி பின்வாசலில் ஏறினாள்.

கண்டக்டர் கேட்டார்: "வெள்ளிமலை ரெண்டா?"

"ஒண்ணு," என்றான் ஆகாஷ்.